பாடம் செய்த கிடாத் தலையை முடித்துப் பீடத்தில் நிறுத்தும் முறை: ராமநாதபுரம் கடலோரத்துக்கு

தலையைப் பாடம் செய்வதில் மான் தலைக்குச் சொல்லப்படும் கடைசிக்கட்ட வேலை பெரும்பாலும் செம்மறிக் கிடாத் தலைக்கும் பொருந்தும். மானை வைத்து இந்த வேலையைப் பழக வழியில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புள்ளிமான், கடமான், வெளிமான் மூன்றும் பாதுகாக்கப்பட்டவை. தலை, தோல், தானாக உதிர்ந்த கொம்பு எதுவானாலும் உரிய சான்று இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். பழைய வீட்டுச் சுவரில் முன்னோர் காலத்து மான் தலை தொங்கினால் அதைப் பழுது பார்க்கும் முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துத் தோல்களில் பூச்சிக்காக ஆர்செனிக் தடவியிருப்பார்கள் என்பதால் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தூசி தட்டவும் கூடாது.

ஆகவே நம்மூர்க் கிடாவையே எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் வெள்ளை இனத்துக் கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பக்கவாட்டில் சற்றுத் தாழ்ந்த காது, உடலோடு ஒட்டிய குட்டை முடி. முடி குட்டையாக இருப்பதால் தையல், சுருக்கம், பள்ளம் எதுவும் மறையாது. இந்த விஷயத்தில் மானும் இதுவும் ஒன்றுதான். தோலைப் பதனிட்டு, தலை வடிவிலான ஃபோம் உருவின் மேல் ஒட்டி, தைத்துக் காயவைத்த பிறகு தொடங்கும் வேலையை மட்டும் இங்கே பார்க்கிறோம். சுவரில் மாட்டும் தலைக்கு முதுகுப்பக்கம் மறைந்துவிடும். பீடத்தில் நிற்பதைச் சுற்றி வந்து பார்ப்பார்கள், தலைப்பாரமும் முன்பக்கம் இழுக்கும். போதாததற்கு, பூசாமல் விட்ட இடம் ஒவ்வொன்றிலும் உப்புக்காற்று ஏறும்.

காய்ந்துவிட்டதா?

தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தராசில் வையுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை எடை எழுதிவாருங்கள். தொடர்ந்து மூன்று எடைகள் பத்து கிராமுக்குள் ஒத்துப்போனால் காய்ந்தாயிற்று. சாதாரணமாக மூன்று, நான்கு வாரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும்போது அந்தக் கணக்கு செல்லாது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆனி, ஆடியில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் செய்தே ஆகவேண்டுமென்றால் ஏசி அறைக்குள் வைத்து, ஈரப்பத மீட்டர் 60க்கு அருகில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடி வெயிலில் வைப்பவர்கள் உண்டு. மேல்தோல் சட்டென்று சுருங்கும், உள்ளே பசை ஈரமாகவே இருக்கும். காது விளிம்பு சுருளும், கழுத்துத் தையல் பிளக்கும். அறைக்குள் நிழலில் வைத்து, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி விட்டால் போதும்.

கடைசியாகக் காய்வது காதின் அடிப்பகுதி, உதட்டு மடிப்பு, கொம்பின் அடி. இந்த மூன்று இடத்திலும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். அட்டைபோல் விறைப்பாக இருக்க வேண்டும். அப்புறம்தான் குண்டூசிகளையும் காதில் வைத்த அட்டைகளையும் கழற்ற வேண்டும்.

சுத்தம்

முடியில் காய்ந்திருக்கும் பசையை வெந்நீரில் நனைத்த துணியால் இரண்டு நிமிடம் ஒற்றி, ஊறியபின் பல் குத்தும் குச்சியால் எடுங்கள். தவிடோ சோளமாவோ தூவிச் சுத்தம் செய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முடிக்கடியில் தங்கும் மாவு பூச்சிக்குத்தான் சோறு.

வெள்ளை முடியில் மஞ்சள் திட்டு தெரிந்தால் அது அழுக்கில்லை, தோலில் கொழுப்பு சரியாக எடுபடவில்லை என்று அர்த்தம். முல்தானி மட்டியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்துத் திட்டின் மேல் அப்பி, முழுதும் காய்ந்தபின் தூரிகையால் உதிர்க்கவும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்பு எரியக் கூடாது. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் மஞ்சள் வந்தால் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. அந்தத் தோல் பதனிடும்போதே கெட்டுப்போனது.

கண்ணும் இடைவெளிகளும்

செம்மறியின் கண்மணி படுக்கைவாட்டக் கோடு. ஆடு தலையைக் குனிந்து மேயும்போதும் கண் உள்ளுக்குள் சுழன்று அந்தக் கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்திருக்கும். ஆகவே தலை குனிந்த நிலையோ நிமிர்ந்த நிலையோ, கண்ணாடிக் கண்ணின் கோடு ரசமட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். முகத்தின் சாய்வோடு சேர்த்துக் கண்ணையும் சாய்த்துவிடுவதுதான் பரவலான பிழை. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கிடா செத்ததுபோல் தோன்றும். காய்ந்தபின் இதைக் கண்டுபிடித்தாலும் திருத்தலாம். ஈரப்பஞ்சை இமை மேல் நான்கைந்து மணி நேரம் வைத்து ஊறவிட்டு, இமை இளகியதும் கண்ணை மெல்லத் திருப்பி, குண்டூசியால் இமையை அழுத்தி மறுபடியும் காயவிடுங்கள்.

கண்ணுக்கு முன்னால், மூக்குப் பக்கமாகச் செம்மறிக்கு ஒரு சிறு குழி உண்டு. அது சுரப்பிப் பை. வெள்ளாட்டுக்குக் கிடையாது. சுருக்கம் என்று நினைத்து இதை அடைத்துவிடாதீர்கள்.

காயும்போது தோல் பின்வாங்கி இமை, மூக்குத் துளை, உதட்டுக் கோடு, கொம்படி ஆகிய இடங்களில் இடைவெளி விடும். எம்-சீல் போன்ற இருபாக எப்பாக்ஸி மக்கு போதும். இரண்டு பாகத்தையும் சம அளவில் எடுத்து நிறத்தில் கோடு மறையும்வரை பிசையுங்கள். கோடு தெரிந்தால் அந்த இடம் இறுகாது. சுண்டைக்காய் அளவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள், நம்மூர் வெயிலில் அது சீக்கிரமே கையில் இறுகிவிடும். இமைக்குள் பல்குச்சி முனையால் திணித்து, ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் வழித்துச் சமப்படுத்துங்கள். தண்ணீர் தொட்டும் வழிக்கலாம், ஆனால் அடியில் இருக்கும் தோல் நனைந்து மறுபடி நகரும். முடியில் ஒட்டியதை இறுகுமுன்பே பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடுங்கள். இறுகிவிட்டால் முடியோடுதான் வரும்.

வண்ணம்

காய்ந்த தோல் மூக்கிலும் இமையிலும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். வண்ணத்துக்கு முன் பளபளக்காத (மங்கல்) கிளியர் லாக்கரை மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் லாக்கர் அடித்தால் பால்போல வெளுத்துவிடும். அதிகாலையும் அந்தியும் வேண்டாம், நண்பகல் தாண்டி, வறண்ட காற்றுள்ள நேரம் பாருங்கள். வெளுத்துவிட்டால் சுரண்ட வேண்டாம். அடுத்த வறண்ட நாளில் மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அக்ரிலிக் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு. வெள்ளை முகக் கிடாவின் மூக்குக்கு வெள்ளையில் சிறிது சிவப்பும் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) சேர்த்த இளஞ்சிவப்பு. நான்கைந்து மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. தோலின் சொரசொரப்பு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். காதின் உட்புறத்தில் அதே நிறத்தை இன்னும் நீர்க்க அடித்து, நரம்புக் கோடுகள் இரண்டு மூன்றை மட்டும் சற்று அழுத்திக் காட்டுங்கள். முகத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் தோல் மேலேயே உண்டு, அதை வண்ணத்தால் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை.

மான் மூக்கு ஈரமாகப் பளபளக்கும், அதனால் அதற்கு முழுதும் கிளாஸ் வார்னிஷ் (பளபளப்பு வார்னிஷ்) பூசுவார்கள். அதைப் பார்த்துக் கிடாவுக்கும் அப்படியே பூசக் கூடாது. செம்மறி மூக்கு உலர்ந்தது. கண்ணின் உள்மூலையிலும் மூக்குத் துளையின் ஆழத்திலும் மட்டும் ஊசிமுனை அளவு கிளாஸ் வார்னிஷ் வைத்தால் போதும்.

கொம்புக்கு அதிக வேலை இல்லை. சோப்பு நீரில் துடைத்து, காயவைத்து, உடைந்த முனையை மட்டும் 400, பின் 600 உப்புத்தாளால் தேய்த்து, பாரஃபின் மெழுகு தடவித் துணியால் மெருகேற்றுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாவட்டத்தில் சிக்குவாடை அடிக்கும், தூசியும் உப்பும் அதில் ஒட்டிக் கொம்பு கறுக்கும். கொம்புக்குள் எலும்புத் தண்டை எடுக்காமல் விட்டிருந்தால் அடியில் சிறு துளையிட்டு மோந்து பாருங்கள். வாடை இருந்தால் கொம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தபின்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

முதுகுப்பக்கம்

உருவின் பின்பக்கம் அல்லது அடிப்பக்கம் தட்டையாக முடியும் இடத்தில் தோல் விளிம்பும் ஆணியும் தெரியும். 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை அந்த வடிவத்துக்கு வரைந்து, சுற்றிலும் 4 மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். அதன் மேல் பனையோலைப் பின்னலை ஒட்டினால் இந்த மண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும். குருத்தோலைப் பின்னல் சீராகப் படியும். ஓலையை முன்பின் இரண்டு புறமும் மங்கல் வார்னிஷ் பூசி, காய்ந்தபின் ஒட்டவும். பூசாத ஓலை மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், அங்கிருந்து தோலுக்குத் தாவும். பலகையைப் பசையால் ஒட்டாமல் நான்கு சிறு பித்தளைத் திருகால் பொருத்துங்கள், பின்னாளில் உள்ளே திறந்து பார்க்க வேண்டிவரும்.

பீடம்: எடைக் கணக்கு

விழுந்து உடையும் தலைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் நிறுத்தியவை.

முதலில் தலையின் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். உருவின் அடிப்பலகையை ஒரு அங்குல பிவிசி குழாய் மேல் வைத்து, முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் கோட்டைக் குறியுங்கள். பின் குழாயைக் குறுக்கே திருப்பி அடுத்த கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் புள்ளி. கொம்பு கனமான கிடாவுக்குச் சில நேரம் புள்ளி பலகைக்கு வெளியே, மார்புக்கு முன்னால் விழும். அப்போது கயிற்றில் இரண்டு வெவ்வேறு இடத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு முறையும் தூக்குக்குண்டு விழும் கோட்டைக் குறிக்க வேண்டும்.

தூணை அடிப்பீடத்தின் நடுவில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. நடுவில் வரவேண்டியது சமநிலைப் புள்ளி. அது தூணுக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் தூணை நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் பின்னால் தள்ளுங்கள்.

ஒரு கணக்கு பாருங்கள். 7 கிலோ தலை, அதன் பாரமையம் தரையிலிருந்து 105 சென்டிமீட்டர். தூண் 6 கிலோ, மையம் 50 சென்டிமீட்டர் உயரத்தில். மரப்பீடம் 45க்கு 45 சென்டிமீட்டர், 4 கிலோ. மொத்தத்தின் பாரமையம் சுமார் 62 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். நடுவில் சரியாக நிறுத்தினாலும் 20 டிகிரி சாய்ந்தால் விழும். தலை 10 சென்டிமீட்டர் முன்தள்ளி இருந்தால் 16 டிகிரியே போதும். வீட்டில் ஓடும் குழந்தை ஒன்று மோதினாலே அவ்வளவு சாயும். இப்போது பீடத்துக்குள் 40க்கு 40க்கு 5 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகை ஒன்றை வையுங்கள். அதன் எடை சுமார் 19 கிலோ. பாரமையம் 31 சென்டிமீட்டருக்கு இறங்கும், 35 டிகிரி வரை தாங்கும்.

கான்கிரீட்டுக்கு சிமெண்ட், மணல், சிறு ஜல்லி 1:2:4. கடற்கரை மணலைத் தொடாதீர்கள். அதிலுள்ள உப்பு எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கம்பியும் திருகும் துருப்பிடிக்கும். எம்-சாண்டோ ஆற்று மணலோ போதும். ஏழு நாள் தண்ணீரில் பதப்படுத்தி, பின் இரண்டு வாரமாவது காயவிட்டு மரப்பெட்டிக்குள் இறக்குங்கள். ஈரக் கான்கிரீட்டை மூடினால் ஆறு மாதத்தில் பெட்டி உப்பி மூட்டு விடும்.

மரம்

மாவட்டம் முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் தூணுக்கு அருமையான மரம். விறகும் கரியுமாகவே போய்க்கொண்டிருப்பது பாவம். வைரம் நல்ல கனம், காய்ந்தபின் சுருங்குவதும் உப்புவதும் மற்ற மரங்களைவிடக் குறைவு. நேரான துண்டு கிடைக்காது, வளைவே அழகு. பட்டையையும் அதற்கடியிலுள்ள வெளிர்மஞ்சள் பகுதியையும் முழுதும் செதுக்கி எறியுங்கள், உளுப்பது அந்தப் பகுதிதான். 12 முதல் 15 சென்டிமீட்டர் கனத் துண்டு என்றால் இரு முனையிலும் பெயிண்ட் அடித்து ஆறு மாதமாவது நிழலில் கிடக்கட்டும். முனையில் பூசாவிட்டால் நடுவிலிருந்து வெடிக்கும்.

பீடத்தின் பெட்டிக்குப் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது வரும் பனங்கை (பனஞ்சட்டம்) நல்லது. பல வருடம் காய்ந்தது, உள்ளே சோறு (மென்மையான பகுதி) நீங்கிய வைரம் மட்டும். பனை நார் விரலில் சிராய்போல் ஏறும், உளியைவிட வாளும் அரமும் இதற்கு வசதி. திருகு ஏற்றுமுன் துளை போடாவிட்டால் நார் வாக்கில் பிளந்துவிடும். பச்சைப் பனையை இதற்காக வெட்ட நினைக்க வேண்டாம், பனை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

இணைப்பு

ஒற்றைக் கம்பியில் நிறுத்திய தலை நாளடைவில் திரும்பிவிடும். சதுரக் குழாய் திரும்பாது. வெளியே 25 மில்லிமீட்டர் சதுர ஸ்டெயின்லெஸ் குழாய், 2 மில்லிமீட்டர் கனம். உள்ளளவு 21 வரும், 20 மில்லிமீட்டர் குழாய் அதற்குள் கச்சிதமாக இறங்கும். பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் ஆட்டத்தை டெஃப்லான் டேப் சுற்றிச் சரிசெய்யலாம். உப்பு படியும் கடலோர வீட்டுக்கு 316 ரகம், ஊருக்குள் என்றால் 304 போதும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வேண்டாம்.

25 மில்லிமீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் 35.4. ஆகவே தூணின் தலையில் 38 மில்லிமீட்டர் துளையை 15 சென்டிமீட்டர் ஆழம் போட்டு, குழாயை இறக்கி, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, சுற்றிலும் எப்பாக்ஸி ஊற்றுங்கள். தூண் வளைந்திருந்தாலும் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். 20 மில்லிமீட்டர் குழாயின் மேல்முனையில் 100க்கு 100க்கு 4 மில்லிமீட்டர் தகடு வெல்டிங் செய்து, தலையின் அடிப்பலகையில் நான்கு போல்ட்டால் பிடிக்கவும். அந்தப் பலகை 18 மில்லிமீட்டர் மரைன் பிளை. வெறும் ஃபோமில் திருகு பிடிக்காது. பலகையை உருவுக்குள் முன்னமே பதித்திருக்க வேண்டும். பதிக்காவிட்டால் அடியில் 4 சென்டிமீட்டர் ஃபோமைச் சுரண்டி எடுத்து, பலகையை வைத்து பியூ (பாலியூரிதேன்) ஃபோம் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். உரு தெர்மகோல் என்றால் தின்னர் கலந்த பசை எதுவும் படக் கூடாது, கரைந்து குழிவிழும்.

தூணின் அடியை மூன்று 10 மில்லிமீட்டர் போல்ட்டால் பெட்டியின் கீழிருந்து ஏற்றுங்கள். வாசர் பெரிதாக இருக்கட்டும்.

பீடத்தின் மேல் மண்

கடலோரம் என்றதும் பவளத்துண்டும் சங்கும் வைக்கக் கை நீளும். பவளப்பாறைகள் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள தீவுகள் 1986ஆம் ஆண்டிலிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கிய செத்த பவளம், கடல்விசிறி எதையும் எடுக்கக் கூடாது. சில சங்கு வகைகளும் அப்படியே. அதோடு, கிடா மேய்வது கண்மாய்க் கரையிலும் உடைமரக் காட்டிலும்தான், கடலுக்கடியில் இல்லை.

கரம்பை மண், சரளை, உடைமரத்தின் காய்ந்த காய் நாலு, முள்ளோடு ஒரு சிறு கிளை. இலை உதிர்ந்துவிடும், முதலிலேயே உருவிவிடுங்கள். மண்ணை நல்ல தண்ணீரில் அலசி, அலசிய நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடி மேல் காயவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு படிந்தால் இன்னும் உப்பு இருக்கிறது. பின் தகரத்தில் பரப்பி அடுப்பில் ஒரு மணி நேரம் வறுத்தால் பூச்சி முட்டையும் போகும். பெவிகால், தண்ணீர் சம பங்கு கலந்து ஊற்றி மண்ணை ஒட்டவையுங்கள்.

நிறுத்திய பிறகு

கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரேயும் ஏசி காற்று நேராக விழும் இடத்திலும் வேண்டாம். மழைக்காலத்தில் மூடிவைக்கப் பருத்தித் துணி, பாலித்தீன் இல்லை. அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி தெர்மகோலைக் கெடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடி வாக்கில் மென்தூரிகையால் தூசி எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கொம்பையும் குழாயையும் மட்டும் துடையுங்கள்.

காதடியிலும் பீடத்திலும் பழுப்பு நிறச் சிறு தோல்கூடுகளோ மாவுபோல் பொடியோ உதிர்ந்திருந்தால் தோல்வண்டு வந்துவிட்டது. மருந்து அடிப்பதைவிடக் குளிர் நல்லது. தலையைக் குழாயிலிருந்து உருவி, கனத்த பாலித்தீனில் காற்றை வெளியேற்றி டேப் போட்டு மூடி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழுள்ள டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. உறையின் வெளிப்பக்கம் வேர்த்து, அந்த ஈரம் தானாகக் காயும்வரை, அதாவது ஒரு முழு நாள், அப்படியே கிடக்கட்டும். முன்பே பிரித்தால் அந்த ஈரமெல்லாம் தோலில் இறங்கி, இமையில் வைத்த மக்கு விட்டுவிடும்.